எண்ணாமல் எழுதிய அறுபது

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் உபயோகமாக நாலு பக்கம் எழுதித் தரும்படி உங்கள் பொறுப்பாளர் கேட்டார். மெஷின்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அவற்றை என்னைவிட நீங்கள் நன்றாக ஓட்டுவீர்கள். நான் ஓய்வு பெறும் வரைக்கும் பொத்தானை அழுத்திவிட்டு இரண்டடி தள்ளி நின்றவள்தான். நேரத்துக்கு வா, கிளவுஸ் போடு என்று உபதேசம் செய்யவும் எனக்கு வராது. என் கை செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். அதை வெளியில் சொல்லவே எனக்கு வெகுகாலம் பிடித்தது. அதனால் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கள்ளக்குறிச்சிக்கு வேலைக்கு வந்தபோது ஆய்வகம் இரண்டே அறை. ஒன்றில் ரத்தம் எடுப்போம், இன்னொன்றில் மைக்ராஸ்கோப். சாயம் நாங்களே கலக்க வேண்டும். பத்து விரலும் எந்நேரமும் ஊதாவாக இருக்கும். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கள் சற்று நகர்ந்து உட்கார்வார்கள். ஸ்லைடுகளைத் தூக்கிப் போட மாட்டோம். பார்த்து முடித்ததும் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, துணியால் துடைத்து, மறுநாளைக்கு அடுக்கி வைப்போம். கரும்பு வெட்டும் காலத்தில் ஆலைக்குப் போகும் டிராக்டர்கள் ஜன்னலை ஒட்டியே வரிசையாகப் போகும். மேஜை அதிர்ந்து, மைக்ராஸ்கோப்புக்குள் அணுக்களெல்லாம் ஆடும். டிராக்டர் போகட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்த இரண்டு நிமிஷ ஓய்வுக்காகவே எனக்குக் கரும்புக் காலம் பிடிக்கும். இப்போதும் காய்ந்த கரும்புத் தோகை வாசனை வந்தால் என் கை மைக்ராஸ்கோப்பின் திருகைத் தேடுகிறது. வீட்டில் சிரிக்கிறார்கள்.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த சீனியர் நல்ல மனிதர். ரத்தம் கிடைக்காமல் யாராவது தவித்தால் முதல் ஆளாகச் சட்டைக் கையை மடித்துவிட்டுப் படுப்பார். அவர்தான் எனக்கு அந்தக் குறுக்கு வழியையும் சொல்லிக்கொடுத்தார். வெள்ளை அணுக்களில் வகைகள் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஸ்லைடில் நூறு அணுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, நியூட்ரோபில் இத்தனை, லிம்போசைட் இத்தனை, ஈசினோபில் இத்தனை என்று எண்ணி எழுத வேண்டும். வரிசையில் இருநூறு பேர் நிற்கும் காலையில் யார் எண்ணுவது? இரண்டு மூன்று இடம் பார்ப்போம். கண்ணுக்குப் பெரிதாக எதுவும் படவில்லை என்றால் வழக்கமான எண்ணைப் போட்டுவிடுவோம். "கூட்டினா நூறு வரணும்மா, அத மட்டும் பாத்துக்கோ" என்பார் சீனியர்.

பெரியவர்களுக்கு அறுபத்திரண்டு, முப்பத்திநாலு, நாலு. கைக்குழந்தைகளுக்கு லிம்போசைட்தான் ஜாஸ்தி இருக்கும், அது எனக்குத் தெரியும். ஆகவே அவர்களுக்கு முப்பத்தாறு, அறுபது, நாலு. பார்த்தீர்களா, பொய் எழுதும்போதுகூடப் பாடம் மறக்கவில்லை. இந்த எண்களை நான் எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. மூன்று டாக்டர்கள் மாறினார்கள், ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. என் ரிப்போர்ட் என்றால் அவ்வளவு நம்பிக்கை.

அப்புறம் மெஷின் வந்தது. அதுவே எண்ணிக் காகிதத்தில் அடித்துக் கொடுத்துவிடும். ஆனால் ஒரு வருஷம், கரும்புக் காலத்தின் நடுவில், மெஷின் படுத்துக்கொண்டது. சரிசெய்யச் சென்னையிலிருந்து ஆள் வர வேண்டும், வருகிறார் வருகிறார் என்று ஒரு மாதம் ஓடிவிட்டது. மறுபடி மைக்ராஸ்கோப், மறுபடி பழைய எண்கள். அந்த மாதத்தில்தான் மல்லிகா தன் முதல் குழந்தையோடு வந்தாள்.

கல்வராயன் மலையில், கரியாலூருக்கும் மேலே உள்ள ஒரு சிறிய ஊர் அவளுக்கு. வயது இருபது இருக்கும். புருஷன் கோவிந்தன் அவளுடைய சொந்தத் தாய்மாமன். கடுக்காய் பொறுக்கும் காலத்தில் மலையில் இருப்பான், மற்ற நாளில் கேரளாவில் மிளகுத் தோட்ட வேலைக்குப் போய்விடுவான். ஆண் குழந்தை, நாலு மாதம். வாய் முழுக்க வெள்ளைப் படலம், விடாத இருமல், வயிற்றுப்போக்கு. பிறந்தவுடன் போட்ட பிசிஜி ஊசியின் இடம் இடது தோளில் புண்ணாகி, ஆறாமல் நீர் கசிந்துகொண்டிருந்தது. ரத்தம் எடுக்க வார்டுக்கு நான்தான் போனேன். நரம்பு அகப்படவில்லை. மூன்றாவது முறை குத்தினேன்.

"பால்கூட குடிக்க மாட்றானுங்க, இவ்ளோ ரத்தம் எதுக்குங்க?" என்றாள் மல்லிகா.

"எல்லாம் எண்ணிப் பாக்கத்தாம்மா. பையன் பேரு இன்னா?"

"இன்னும் வெக்கலீங்க. எங்க வூட்டுல கரியராமன் கோயிலுக்குத் தூக்கிக்கினு போய்தான் பேரு வெப்பாங்க. அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு."

அதனால் நோட்டில் 'மல்லிகா குழந்தை, ஆண், 4 மாதம்' என்று பதிந்துகொண்டேன். ஹீமோகுளோபின் பார்த்தேன், மொத்த வெள்ளை அணுக்களை ஒழுங்காக எண்ணினேன். ஒன்பதாயிரத்து இருநூறு. பிறகு ஸ்லைடு. முதல் இடத்தில் ஐந்தாறு அணுக்கள், எல்லாமே நியூட்ரோபில். இரண்டாவது இடத்திலும் அப்படியே. லிம்போசைட் ஒன்றுகூட இல்லை. ஸ்லைடின் ஓரத்தைப் பார்த்துவிட்டோம் போலிருக்கிறது, நியூட்ரோபில் ஓரத்தில்தானே ஒதுங்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெளியே வரிசையில் யாரோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். முப்பத்தாறு, அறுபது, நாலு என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஸ்லைடு சோப்புத் தண்ணீருக்குள் போய்விட்டது.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நடந்தால்தானே சறுக்கும். நான் அன்றைக்கு ஓரடிகூட நடக்கவில்லை, உட்கார்ந்த இடத்தில் எழுதினேன்.

நிமோனியா என்றுதான் வைத்தியம் நடந்தது. என் ரிப்போர்ட்டைப் பார்த்தால் வேறு எதையும் நினைக்க வழியில்லை. ஆறாம் நாள் குழந்தை போய்விட்டது. இரண்டு நாள் கழித்து வார்டு நர்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஐயோ பாவம் என்றேன், டீ குடிக்கப் போனேன். இதை மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம், அன்று எனக்கு உறுத்தவே இல்லை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான்.

உறுத்தியது ஒன்றரை வருஷம் கழித்து, சென்னையில். மாவட்டத்துக்கு ஒருவர் என்று பயிற்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பேராசிரியை பாடம் எடுத்தார். பாதிப் பேர் தூக்கம், நானும் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தேன். லிம்போசைட்டில் ஒரு வகையான டி அணுவைப் பற்றிப் பேசினார். ஒவ்வொரு டி அணுவின் மேலும் கிருமியை அடையாளம் காண ஒரு ஏற்பி இருக்கிறது. கிருமிகளோ கணக்கில்லாதவை. ஒவ்வொன்றுக்கும் தனி மரபணு வைத்துக்கொண்டு பிறக்க முடியாது. அதற்குப் பதிலாக நம் உடம்பில் துண்டு துண்டாக மரபணுக்கள் இருக்கின்றன. வி என்று ஒரு கூட்டம், டி என்று ஒரு கூட்டம் (அணுவின் பெயரில் உள்ள டி வேறு, இது வேறு), ஜெ என்று ஒரு கூட்டம். டி அணு வளரும்போது ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் ஒரு துண்டை எடுத்து, நடுவில் இருப்பதை வெட்டிவிட்டு, ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு அணுவும் வெவ்வேறு துண்டை எடுப்பதால், எந்தக் கிருமி வந்தாலும் எங்கோ ஓர் அணு அதற்குப் பொருந்திவிடும். வெட்டிப்போட்ட மிச்சம் சின்ன வளையமாகச் சுருண்டு அணுவுக்குள்ளேயே கிடக்கும்.

"டெய்லர் கடைக்குப் போனா தரையப் பாருங்க" என்றார் அவர். "வெட்டுத்துணி கிடந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம். தரை சுத்தமா இருந்தா அந்த டெய்லர் கத்திரியையே எடுக்கலை. பிறந்த குழந்தையோட ஒரு சொட்டு ரத்தத்துல இந்த வளையம் இருக்கான்னு பாப்போம். இல்லைன்னா அந்தக் குழந்தைக்கு டி அணுவே உண்டாகலை. பாக்க நல்லா கொழுகொழுன்னு இருக்கும். மூணு நாலு மாசத்துல வாயில வெள்ளை, விடாத பேதி, நிமோனியா. பிசிஜி போட்ட இடம் ஆறவே ஆறாது, அந்த ஊசில இருக்கிறது உயிருள்ள கிருமி, அதைக்கூட இதால அடக்க முடியாது. சொந்தத்துல கல்யாணம் செஞ்ச வீடுகள்ல இன்னும் கவனமா இருக்கணும்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அவர் எங்களைப் பார்த்துத் தொடர்ந்தார். "உங்க ஊர்ல இந்த டெஸ்ட் இல்லையேன்னு நினைக்காதீங்க. டி அணு இல்லைன்னா லிம்போசைட் குறையும். அதை உலகத்துலயே முதல்ல பாக்கப் போற ஆள் நீங்கதான். நூறு எண்ணுங்க, போதும்."

திரும்பி வரும்போது பஸ் உளுந்தூர்பேட்டையில் சாப்பாட்டுக்கு நின்றது. எல்லோரும் இறங்கினார்கள், நான் இறங்கவில்லை. அந்த இரண்டு இடங்களில் நான் பார்த்த நியூட்ரோபில்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாளிலிருந்து சந்தேகம் தட்டும் ஒவ்வொரு ஸ்லைடையும் எண்ண ஆரம்பித்தேன். ரிப்போர்ட் தாமதமாகிறது என்று வார்டிலிருந்து முணுமுணுத்தார்கள். கமலாம்மாவுக்கு வயசாகிவிட்டது, கண் தெரியவில்லை என்று என் காதுபடவே சொன்னார்கள். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்னும் இரண்டு வருஷம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை, கர்ப்பிணிகள் வரிசையில், என் எதிரில் நீட்டிய கை மல்லிகாவுடையது. எட்டாம் மாதம். ரத்தம் கம்மி என்று மலையிலிருந்து அனுப்பியிருந்தார்கள். எனக்கு முகம் அடையாளம் தெரியவில்லை, அவள்தான் சொன்னாள்.

"மொதப் புள்ளைக்கு நீங்கதாங்க ரத்தம் எடுத்தீங்க. மூணு வாட்டி குத்தினீங்களே."

ஊசியை அப்படியே வைத்துவிட்டேன். மனசு நிலையில் இல்லாத நேரத்தில் யாரையும் குத்தக் கூடாது, இதை மட்டும் எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து மேஜைப் பெண்ணை எடுக்கச் சொல்லிவிட்டு, நான் நேராகக் குழந்தைகள் வார்டு டாக்டரிடம் போனேன். அவர் மாற்றலில் வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. முதல் குழந்தையை அவர் பார்த்ததில்லை. சென்னையில் கேட்டதைச் சொன்னேன், புண் ஆறாத தோளைச் சொன்னேன், தாய்மாமனைக் கட்டியதைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"பழைய ரிப்போர்ட் இருக்காம்மா?"

பரணில் ஏறி அந்த வருஷத்து நோட்டை எடுத்து வந்தேன். அவர் வரியை விரலால் தேடிப் படித்தார். "டோட்டல் ஒன்பதாயிரத்து இருநூறு. லிம்போசைட் அறுபது. நல்லாத்தானே இருக்கு? நீங்க சொல்ற வியாதின்னா இது அஞ்சு பத்துன்னு இருந்திருக்கணும். இது சாதாரண நிமோனியாதான். நிறை மாசப் பொண்ணப் போய்ப் பயமுறுத்த வேணாம்." நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார்.

அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்திருக்கலாம். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாது. ஓய்வுக்கு நாலு வருஷம் இருந்தது. வாயைத் திறந்தால் விசாரணை வரும், இத்தனை காலம் நான் எழுதிய எல்லா எண்ணும் சந்தேகத்துக்கு உள்ளாகும். ஸ்லைடு இல்லை, கழுவி எத்தனையோ பேருக்குப் பயன்படுத்தியாகிவிட்டது. இனி பிறக்கப் போகிற குழந்தைக்கும் டாக்டருக்கும் நடுவில் என் கையெழுத்து மட்டும்தான் நின்றுகொண்டிருந்தது. நோட்டை மறுபடி திறந்து அவர் பக்கம் வைத்தேன். சொல்லிவிட்டேன்.

"அந்த அறுபது குழந்தையோடது இல்லீங்க சார். என்னோடது. நான் எண்ணல."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "கண்ணுல இன்னா பட்டுது? அத மட்டும் சொல்லுங்க" என்றார். இரண்டு இடம், பத்துப் பன்னிரண்டு அணு, எல்லாம் நியூட்ரோபில் என்றேன். மல்லிகாவைக் கூப்பிட்டனுப்பி, பிரசவத்துக்குக் கீழே வந்துவிட வேண்டும், டெஸ்ட் முடிவு தெரியும்வரை குழந்தைக்கு பிசிஜி போடக் கூடாது என்று அவளிடம் சொன்னார். அவளுடைய கர்ப்பகால அட்டையிலும் சிவப்பு மையில் எழுதினார். ஏன் என்று அவள் கேட்டாள். முதல் குழந்தைக்கு வந்த மாதிரி வராமல் இருக்கத்தான் என்றார். நான் பக்கத்தில் நின்றேன். அவசரம் என்றால் கூப்பிட என் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேனே தவிர, அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

நாம் எழுதி வைத்தபடியா குழந்தை பிறக்கிறது? மூன்று வாரம் முன்னாலேயே வலி எடுத்து, ஒரு செவ்வாய்க்கிழமை கரியாலூர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது. அவசரத்தில் அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டார்கள். மறுநாள் புதன். நம் பக்கம் தடுப்பூசி நாள் புதன்தான், உங்களுக்குத் தெரியும். காலை பத்து மணிக்கு என் போன் அடித்தது. அந்த நிலையத்து நர்ஸ். நம்பர் கோவிந்தன் கொடுத்தானாம். டவர் கிடைக்கும் இடம் தேடி வெளியே வந்து நின்று பேசினாள், மூச்சு வாங்கியது.

"மேடம், ஊசி வேணாம்னு நீங்கதான் சொல்லிவுட்டீங்களா? நான் இங்க வூடு வூடா ஏறி எறங்கி, கெஞ்சிக் கூத்தாடி ஊசி போட்டுகினு இருக்கேன். நீங்க கீழ ஒக்காந்துகினு வேணாம்னு சொன்னா, நாளைக்கு மலையில ஒரு புள்ளைக்கி ஊசி போட முடியுமா?"

அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அந்த ஊசி எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றுகிறது. இங்கே வேண்டாம் என்பது இந்த ஒரு குழந்தைக்காக மட்டும். டாக்டர் எழுதியிருக்கிறார் என்றேன். "அட்டை எங்க? டாக்டர பேசச் சொல்லுங்க" என்றாள். டாக்டர் விழுப்புரத்தில் மீட்டிங்கில் இருந்தார், போனை எடுக்கவில்லை. "மருந்து குப்பி தொறந்தாச்சு மேடம். நாலு மணி நேரந்தான் தாங்கும். இன்னிக்கி வுட்டா அடுத்த புதன்தான். நான் போட்டுடறேன்."

ஊசியை நிறுத்தச் சொல்ல எனக்கு என்ன அதிகாரம்? ரத்தம் எடுப்பவள் நான். அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியதை அப்படியே சொன்னேன். "சிஸ்டர், இன்னிக்கி போடாம வுட்டா அடுத்த புதன் போட்டுக்கலாம். போட்டுட்டா வெளிய எடுக்க முடியாது. இவ மொதப் புள்ள செத்ததுல என் தப்பு இருக்கு. நான் எண்ணாம எழுதிட்டேன். இன்னிக்கி நீங்க போடலன்னா ரெஜிஸ்தர்ல என் பேர எழுதிக்கோங்க. லேப் டெக்னீஷியன் கமலா வேணாம்னு சொன்னதால போடலன்னு எழுதுங்க. கேக்கறவங்க என்ன வந்து கேக்கட்டும்."

"இனிஷியல் இன்னா மேடம்?" என்றாள் அவள்.

நெருக்கடியில் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை இதுதான். எது சரி என்று தெரியாதபோது, திருப்பி எடுக்க முடியாததைத் தள்ளிப் போடுங்கள். அதற்கு யாராவது பெயர் கொடுத்தாக வேண்டும் என்றால் உங்கள் பெயரைக் கொடுங்கள். அன்று சாயங்காலம் டாக்டர் கூப்பிட்டு அந்த நர்ஸிடம் பேசினார். எனக்கு அப்புறம்தான் சோறு இறங்கியது.

வெள்ளிக்கிழமை ஆம்புலன்ஸில் தாயையும் குழந்தையையும் இறக்கினார்கள். நல்ல சிவந்த, புஷ்டியான குழந்தை. பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. நானே ரத்தம் எடுத்தேன், ஒரே குத்தில். மெஷின் கொடுத்த எண்ணை நம்பாமல் ஸ்லைடு போட்டேன். டாக்டர் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். இடம் இடமாக நகர்த்தி நகர்த்தி நூறு எண்ணினேன். லிம்போசைட் ஐந்து. இன்னொரு ஸ்லைடு போட்டு மறுபடி நூறு. ஏழு. நான் எழுந்து நின்று, அவரை உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் சுவரைப் பார்த்து அழுதேன். அவர் கவனித்திருப்பார், ஆனால் திரும்பவில்லை. முதல் பையனுக்கும் இதுதான் இருந்திருக்கிறது என்பதில் அதற்குமேல் சந்தேகம் இல்லை.

தடித்த காகித அட்டையில் நாலு சொட்டு ரத்தம் வைத்து, நிழலில் காயவைத்துச் சென்னைக்கு அனுப்பினோம். பத்து நாளில் பதில் வந்தது. வளையம் ஒன்றுகூட இல்லை. அந்தக் குழந்தையின் உடம்பில் துண்டுகளை வெட்டி ஒட்டும் வேலை நடக்கவே இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மாதக்கணக்கில் கண்ணாடி அறைக்குள் வைத்திருந்தார்கள். கோவிந்தனின் எலும்பு மஜ்ஜை பாதிதான் பொருந்தியது, அதையே கொடுத்தார்கள். இரண்டு முறை கைவிட்டுவிட்ட மாதிரி ஆகி, பிழைத்தது. இதையெல்லாம் டாக்டர் சொல்லி நான் கேட்டுக்கொண்டதுதான். ஒவ்வொரு முறையும் அந்தப் பையனைப் பற்றி மல்லிகாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். டாக்டரிடம் சொன்னேன், முகம் தெரியாத நர்ஸிடம் சொன்னேன். சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்ல மட்டும் நாக்கு எழவில்லை.

நான் ஓய்வு பெறும் மாதத்தில் மல்லிகா வந்தாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இங்கேயே ரத்தம் பார்த்து அனுப்பினால் போதும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். குழந்தைக்கு மூன்று வயது, பெயர் தேன்மொழி. கோயிலுக்குத் தூக்கிப்போய்ப் பெயர் வைத்தாகிவிட்டது. ஓரிடத்தில் நிற்காமல் பெஞ்சில் ஏறுவதும் குதிப்பதுமாக இருந்தது. எண்ணினேன். லிம்போசைட் நாற்பத்தொன்பது. ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டு, கூட்டம் கலையும்வரை மல்லிகாவை உட்காரச் சொன்னேன். பிறகு பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணாமல் எழுதியது, கண்ணில் பட்டும் விட்டது, தெரிந்த பிறகும் வருஷக்கணக்காகச் சொல்லாமல் இருந்தது.

அவள் அழவில்லை. ரிப்போர்ட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பவே தெரிஞ்சிருந்தா பொழச்சிருப்பானாங்க?"

"தெரியலம்மா. அவனுக்கு ஊசி போட்டு முடிஞ்சிருந்துது, காய்ச்சலும் முத்திப்போச்சு. ஆனா அவனையும் அனுப்பியிருப்பாங்க. அந்த வழிய நான்தான் அடைச்சிட்டேன்."

ரிப்போர்ட்டைப் பைக்குள் வைத்தாள். பிறகு, "அந்த நோட்டு இருக்குதாங்க?" என்றாள்.

எடுத்து வந்தேன். அவள் மலைப் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். வரியை மெதுவாக வாய்விட்டுப் படித்தாள். மல்லிகா குழந்தை. ஆண். நாலு மாதம். "அவனப் பத்தி எங்க கிட்ட ஒண்ணுமே இல்லீங்க. அப்ப எங்க கிட்ட கேமராப் போனுகூடக் கெடையாது. பேரும் வெக்கல" என்றாள். விரலை அந்த வரியின் மேல் வைத்துக்கொண்டு கேட்டாள்: "இதுல எதெல்லாங்க அவனுது?"

காட்டினேன். இது அவன் ரத்தத்தின் அளவு, இது அவன் வெள்ளை அணுக்களின் மொத்தம், நான் எண்ணியது. இந்த மூன்றும் அவனுடையது இல்லை, நானாக எழுதியது.

"அத அடிச்சிடுங்க."

பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது என்று எத்தனையோ பிள்ளைகளை நான் விரட்டியிருக்கிறேன். பேனாவை எடுத்து முப்பத்தாறு, அறுபது, நாலு மூன்றின் மேலும் கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் வைத்தேன். அந்த இடத்தில் எழுத எனக்கு வேறு எண் இல்லை. மல்லிகா நோட்டைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். கோடு போட்ட எண்களைக் கட்டைவிரலால் மறைத்துப் பிடித்துக்கொண்டு, மீதி வரியைப் போனில் படம் எடுத்தாள்.